மேல்தட்டில் முப்பத்திரண்டு பாட்டில்கள்

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். நான் வேலை செய்யும் இடத்தில் ஓர் இயந்திரம் நின்றுபோனால் அப்படித்தான் எழுதுவோம். நடந்தது முதலில், காரணம் பிறகு.

1. ஐப்பசி மழையில் குரங்கணியில் குளிர் கூடியது. மதினி போட்ட இஞ்சி பீரில் கேஸ் ஏறவில்லை.
2. ஓசூரில் இருந்த எனக்குப் போன் செய்து என்ன செய்யலாம் என்று கேட்டார். நான் இரண்டு யோசனைகள் சொன்னேன்.
3. மதினி முப்பத்திரண்டு பாட்டில்களை நிரப்பி மூடி அடித்து, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் மேல்தட்டில் அடுக்கிச் சாக்குப் போட்டு மூடினார். அடுப்பு அணைந்து ஒரு நாள் ஆகியிருந்தது. சுவர்களில் வெதுவெதுப்பு மட்டும் மிச்சம்.
4. ராசிங்காபுரத்து மாமா மறுநாள் கொண்டுவருவதாக இருந்த பச்சைக்காயை ஒரு நாள் முன்னதாகவே கொண்டுவந்துவிட்டார்.
5. அண்ணன் காயைத் தட்டுகளில் பரப்பி, மேலே இருந்த சாக்கைத் தூக்கிப் பார்க்காமல் அடுப்பைப் பற்றவைத்தார்.
6. காலை பதினொரு மணி சுமாருக்குப் பாட்டில்கள் வெடித்தன. பதினான்கு.
7. கண்ணாடிச் சில்லும் சர்க்கரைத் தண்ணீரும் மாமாவின் காய்மேல் விழுந்தன.
8. எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்கையில் நான் ஒரு விளக்கம் சொன்னேன்.

எட்டாவது வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மதினி என் அண்ணன் மனைவி. அண்ணன் போடிக்கும் குரங்கணிக்கும் நடுவே ஜீப் ஓட்டுகிறார். மதினிக்கு இரண்டு சோலி. முன்னால், ஜீப்புகள் நிற்கும் இடத்தில் டீக்கடை. பின்னால், வீட்டை ஒட்டி ஸ்டோர். ஸ்டோர் என்றால் கடையோ கிடங்கோ அல்ல. பறித்த ஏலக்காயை வலைத்தட்டுகளில் பரப்பி, விறகு அடுப்பின் சூட்டைத் தகரக் குழாய் வழியாக உள்ளே சுற்றவிட்டு உலர்த்தும் அறை. மேலே சரிவில் சின்னச் சின்னத் துண்டாக ஏலத்தோட்டம் வைத்திருக்கும் ஆறு பேர் தங்கள் காயை மதினியிடம்தான் கொண்டுவந்தார்கள். சூடு கொஞ்சம் கூடினால் காய் வெளுத்துப்போகும். குறைந்தால் பூஞ்சை. பச்சை நிறம் மாறாமல் உலர்ந்த காய்க்குத்தான் போடி ஏலத்தில் மதிப்பு. அதனால் ஸ்டோர்க்காரர் கையில் காயைக் கொடுப்பது வருஷம் முழுவதும் பட்ட பாட்டைக் கொடுத்துவைப்பது போலத்தான். மதினி தட்டுகளுக்கு நடுவே கையை நுழைத்தே சூட்டைச் சொல்லிவிடுவார். நான் ஒரு தடவை வெப்பமானி வாங்கிக்கொண்டு போய் மாட்டினேன். அவர் சொன்னதற்கும் அது சொன்னதற்கும் இரண்டு டிகிரிதான் வித்தியாசம். "ஒன் மிஷினு சரியாத்தான் காட்டுது பிள்ள" என்று அதற்குச் சான்றிதழ் கொடுத்தார்.

இஞ்சி பீர் அவர் பிறந்த வீட்டுச் சீதனம். அவருடைய அப்பா மேலே ஒரு எஸ்டேட் பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். தயிருக்குப் போல இதற்கும் ஒரு உறை உண்டு. துருவிய இஞ்சியும் சர்க்கரையும் தண்ணீருமாக ஒரு பரணியில் நுரைத்துக்கொண்டே இருக்கும். தினமும் அதற்கு ஒரு கரண்டி இஞ்சி, ஒரு கரண்டி சர்க்கரை. அதில் கொஞ்சம் எடுத்து, இஞ்சிச்சாறும் சர்க்கரையும் எலுமிச்சையும், விலைபோகாத வெடிப்புக்காயைத் தட்டிப் போட்ட தண்ணீரும் சேர்த்து, இரண்டு நாள் பானையில் துணி கட்டி வைப்பார். பிறகு பாட்டில். மூடி அடித்து இரண்டு நாள் வெளியில் இருந்தால் கேஸ் ஏறும். அதன்பின் ஓடையில் இறக்கிவிடுவார். குளிரில் அது அப்படியே அடங்கிக் கிடக்கும். போதை ஏறும் சரக்கு இல்லை. ஆனால் பாட்டில் எல்லாம் போடிப் பழைய இரும்புக் கடையிலிருந்து வந்த பீர் பாட்டில். லேபிளைச் சுரண்டி, சுடுதண்ணீரில் கழுவி வைத்திருப்பார். ஜீப் டிரைவர்கள் விடுவார்களா?

"மதினி, கூலிங்கா ஒண்ணு குடுங்க. அப்படியே சுண்டலும்."

"சுண்டலு வேணும்னா ஒம் பொண்டாட்டிய வரச் சொல்லித் தர்றேன். அவளும் பாக்கட்டும் நீ என்னத்தக் குடிக்கிறேன்னு."

எஸ்டேட் வேலை முடிந்து இறங்கும் பெண்கள் ஆளுக்கு ஒரு பாட்டிலை முந்தானையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். காலிப் பாட்டில் திரும்பி வரும்போது வெறுமையாக வருவது அபூர்வம். ஒன்றில் பீன்ஸ் விதை இருக்கும், ஒன்றில் மிளகு, ஒருமுறை பாதி வரை மலைத்தேன். இதெல்லாம் எனக்கு அப்போது சுகாதாரப் பிரச்சினையாகத்தான் தெரிந்தது.

நான் ஓசூரில் பாட்டில் நிரப்பும் இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரப் பிரிவில் இருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறதென்று காட்டாத மூடிய அறை என்பதுதான் பாட்டிலைப் பற்றி என் அபிப்பிராயம். முப்பத்திரண்டு பாட்டில் என்றால் முப்பத்திரண்டு அறைகள், ஒன்றிலும் அழுத்தமானி கிடையாது. கெக் அப்படியில்லை. அது அழுத்தம் தாங்கும் எவர்சில்வர் பீப்பாய். பத்தொன்பது லிட்டர் பிடிக்கும். பக்கத்தில் ஒரு கேஸ் சிலிண்டர், மேலே ஒரு முள், அளவு மீறினால் தானே திறந்துகொள்ளும் வால்வு. குளிர்ந்த திரவத்தில் கேஸ் சுலபமாகக் கரையும் என்பதால் குரங்கணிக் குளிரே நமக்கு வேலைக்காரன் ஆகிவிடும். இதையெல்லாம் வெடிப்புக்கு முந்தைய ஒரு வருஷமாக மதினியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருமுறை காகிதத்தில் இரண்டு பக்கமாகக் கோடு போட்டு, கெக்குக்கு ஒன்பது காரணமும் பாட்டிலுக்கு மூன்றும் எழுதிக்கூடக் கொடுத்தேன். மதினி அதைப் பொறுமையாகப் படித்துவிட்டு, "பாட்டிலு கெட்டா ஒண்ணு கெடும். ஒன் டிரம்மு கெட்டா அம்புட்டும் கெடும். இத எழுதலயே நீ" என்றார். உண்மையில் எழுதவில்லை. எழுதினால் நான்காகிவிடும் என்று விட்டிருந்தேன்.

அந்த ஐப்பசியில் மதினி போன் செய்தபோது நான் மதியச் சாப்பாட்டு வரிசையில் நின்றிருந்தேன். "கேஸே ஏற மாட்டேங்குது பிள்ள. பானைல நாலு நாளாக் கெடக்கு. குடிச்சா பாயாசங் கணக்கா இனிக்குது, சுர்ருன்னு ஏறல" என்றார். எனக்கு இது கணக்கு. பாட்டிலின் கொள்ளளவு தெரியும், வேண்டிய அழுத்தம் தெரியும், அதற்கு எத்தனை கிராம் சர்க்கரை என்பதற்குச் சூத்திரம் இருக்கிறது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டே போனில் போட்டுப் பார்த்தேன். "பாட்டிலுக்கு முக்கா டீஸ்பூன் சர்க்கரை போட்டு மூடுங்க மதினி. வெதுவெதுன்னு ஒரு எடத்துல வையுங்க" என்றேன். அவர் "சரி" என்றார். என் சூத்திரம் ஒரு நிபந்தனையின்மேல் நிற்பது. பானையில் இருந்த சர்க்கரை முழுவதும் ஏற்கனவே நொதித்து முடிந்திருக்க வேண்டும். முடிந்திருந்தால் பாயாசம்போல் இனிக்காது. அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையில் எல்லாமே இருந்தது. நான் அதை ருசி பற்றிய பேச்சாக எடுத்துக்கொண்டு கடந்துபோனேன்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் லீவில் குரங்கணிக்குப் போயிருந்தேன். மழை வரும்போலிருந்தது. அதனால்தான் மாமா காயை முன்னதாகவே பறிக்கச் சொல்லி ஏற்றி வந்திருந்தார். அவர் ராசிங்காபுரத்தில் தோட்டம் துரவு உள்ளவர். மலையில் ஒரு துண்டு ஏலம். உறவு தூரத்து உறவுதான், ஆனால் மற்ற ஐந்து பேரும் மதினியின் ஸ்டோருக்கு வந்தது அவர் வந்ததைப் பார்த்துத்தான். லோடு இறக்கும்போது மதினி கடையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். அடுப்பை உடனே மூட்டுவார்கள் என்று அவர் நினைக்கவில்லை. அண்ணனுக்குப் பாட்டில் விஷயம் தெரியாது. ஸ்டோரில் சாக்கு கிடப்பது புதிதல்ல.

நானும் மதினியும் கடையில் இருந்தபோது சத்தம் கேட்டது. டீ குடித்துக்கொண்டிருந்த மாமா தலையைத் தூக்காமல், "தீவாளி ஒங்க வீட்டுக்கு முன்னாடியே வந்துருச்சாத்தா" என்றார். இரண்டாவது சத்தத்தில் மதினி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினார். அண்ணன் அடுப்பிலிருந்து விறகை இழுத்துப் போட்டிருந்தார். கதவைத் திறக்க யாருக்கும் தைரியமில்லை. உள்ளே ஒன்றன்பின் ஒன்றாக வெடித்துக்கொண்டிருந்தது. அடங்கி, சூடு தணிந்து, கதவைத் திறந்தபோது இஞ்சி வாசமும் ஏலக்காய் வாசமுமாக முகத்தில் அடித்தது. கல்யாண வீட்டு வாசம். மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரைக்கும் சொட்டிக்கொண்டிருந்தது. பச்சைக்காய்களுக்கு நடுவே பழுப்புக் கண்ணாடி மினுங்கியது.

அப்போதுதான் நான் பேசினேன். "பழைய பாட்டில். எத்தனை தடவ கழுவி எடுத்தது. அழுத்தம் தாங்காது. இதுக்குத்தான் கெக் வாங்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்." நிதானமாக, தெளிவாக, வேலையில் அறிக்கை வாசிப்பதுபோல் சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. அண்ணன், "நான் சாக்கத் தூக்கிப் பாத்திருக்கணும்" என்றார். மதினி இருவரையும் பார்த்துவிட்டு மாமாவிடம் திரும்பினார். "ஸ்டோர்ல பாட்டில வச்சது நான் மாமா. என் தப்புதான்."

மாமா ஒரு காயை எடுத்துத் துடைத்துப் பார்த்தார். "கெடக்குதுத்தா. அலசிக் காயப்போட்டா ஆச்சு. மேலாப்புல உள்ள சில்லப் பொறுக்கிரு." மதினி ஒத்துக்கொள்ளவில்லை. "பொறுக்குனது போக ஒரு துண்டு இருந்தாலும் அது யாரோ ஒரு பிள்ள வாய்க்குத்தான் போகும். இது என் ஸ்டோர விட்டு வெளிய போகாது மாமா." எங்கள் வீட்டுக்கென்று ஒரு சின்னத் துண்டு ஏலம் உண்டு. அந்த வருஷத்துக் காய் உலர்ந்து மூட்டையில் இருந்தது. மாமாவின் பச்சைக்காய் உலர்ந்திருந்தால் எத்தனை கிலோ வந்திருக்குமோ அத்தனையையும் அதிலிருந்து அளந்து மாமாவின் ஜீப்பிலேயே ஏற்றிவிட்டார். மூட்டையில் மிஞ்சியது அடியில் கொஞ்சம்தான். கண்ணாடி விழுந்த காய் முழுவதையும் அண்ணனும் மதினியும் காப்பிச் செடிகளுக்கு அந்தப் பக்கம் குழி வெட்டிப் புதைத்தார்கள். நான் மண் தள்ளினேன்.

வெடிக்காமல் மிஞ்சிய பதினெட்டுப் பாட்டில்களையும் சாயங்காலம் நான்தான் திறந்தேன், கையில் கோணியைச் சுற்றிக்கொண்டு. ஒவ்வொன்றும் பாதிக்குமேல் பீறிட்டு வெளியே போனது. ஒன்றின் அடியில் மிஞ்சியதைக் குடித்துப் பார்த்தேன். அவ்வளவு கேஸ் போன பிறகும் பாயாசமாக இனித்தது. குளிரில் உறை தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. பானைச் சர்க்கரையில் பாதிக்குமேல் அப்படியே இருந்திருக்கிறது. அதன்மேல் முக்கால் டீஸ்பூன் போடச் சொன்னேன். பிறகு சூட்டில் வைத்து எழுப்பச் சொன்னேன். எந்தப் புதுப் பாட்டிலும் அதைத் தாங்கியிருக்காது. அண்ணன் அடுப்பைப் பற்றவைக்காமல் இருந்திருந்தாலும் ஒன்றிரண்டு நாளில் வெடித்திருக்கும். அடுப்பு தீர்மானித்தது நேரத்தை மட்டும். இது எனக்குப் புரிய ஒரு வாய் போதுமாக இருந்தது. உள்ளே போய்ச் சொல்ல வேண்டிய தூரம் இருபதடி. பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பேசாமல் படுத்துக்கொண்டேன்.

சொல்லாததற்குப் பதிலாகக் கெக் வாங்கினேன். பெங்களூரில் தோழி ஒருத்தி மூலம் பழைய கெக் ஒன்று, புது ரெகுலேட்டர், புதுக் குழாய். போடியில் சோடாக் கம்பெனிக்காரரிடம் கேஸ் சிலிண்டருக்கு ஏற்பாடு. கார்த்திகையில் அண்ணனின் ஜீப்பில் அது கடைக்கு வந்து சேர்ந்தது. நல்ல பொருள்தான், இன்றைக்கும் சொல்வேன். மலையேற வருகிறவர்கள் அதைப் போட்டோ எடுத்தார்கள். ஒவ்வொரு டம்ளரும் ஒரே மாதிரி வந்தது. ஆனால் கேஸ் தீர்ந்தால் சிலிண்டர் போடிக்கு இறங்கி ஏற வேண்டும். தை மாதத்தில் குழாயின் ஒரு வளையம் கசிந்து, இரவோடு இரவாகச் சிலிண்டர் காலியாகி, பத்தொன்பது லிட்டரும் சப்பென்று ஆனது. எஸ்டேட் பெண்கள் இரண்டு வாரம் டம்ளரில் வாங்கி நின்றபடி குடித்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். அதில் ஒருவர் மதினியிடம், "நின்னு குடிச்சா நான் மட்டுந்தான குடிக்கிறேன்" என்றார். நான் எழுதிய ஒன்பது காரணங்களில் இதற்குப் பதில் எதுவும் இல்லை.

ஸ்டோர் கதை வேறு. காயை மாற்றிக் கொடுத்த செய்தி மெதுவாக நடந்தது, கண்ணாடி விழுந்த செய்தி ஜீப்பில் போனது. "சோடா ஸ்டோர்" என்று பேர் வைத்துவிட்டார்கள். "சோடா ஸ்டோர்ல போட்டா காயும் வெடிக்கும்" என்று யாரோ சொன்னதைப் போடி பஸ்சில் என் காதாலேயே கேட்டேன். மாமா அடுத்த லோடை வேறு இடத்துக்குக் கொண்டுபோனார். அவர் போனதும் ஒருவர்பின் ஒருவராக மற்ற ஐந்து பேரும். மாசி மாதத்துக் கடைசிப் பறிப்புக்கு அடுப்பு எங்கள் சொந்தக் காய்க்காக மட்டும் ஒரே ஒரு தடவை எரிந்தது. மதினி யாரிடமும் போய்க் கேட்கவில்லை. நான் போன் செய்யும்போதெல்லாம் கெக்கின் அழுத்தம் எவ்வளவு என்று கேட்பேன். அவர் முள்ளைப் பார்த்துச் சொல்வார். எனக்கு அது ஒரு வசதியான பேச்சாக இருந்தது.

ஆனி மாதம், புதுப் பறிப்பு ஆரம்பிக்கும் முன்னால், லீவு போட்டு ராசிங்காபுரத்துக்குப் போனேன். மாமா தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். சர்க்கரை போடச் சொன்னது நான், சூட்டில் வைக்கச் சொன்னதும் நான், பாட்டில்மேல் பழி போட்டதும் நான்.

அவர் குழாயை ஊதிப் பார்த்துவிட்டு, "எட்டு மாசம் கழிச்சு வந்து சொல்றியேம்மா" என்றார்.

"மதினி ஸ்டோருக்கு ஆள் வரல மாமா."

"ஒங்க மதினி மேல எனக்கு ஒண்ணுமில்ல. அன்னைக்கே காய மாத்திக் குடுத்தா, எவன் குடுப்பான்? ஆனா இப்ப நான் போடுறது எம் மகளோட மாமனார் ஸ்டோர்ல. அன்னைக்கு ஒரு கோவத்துல போயிட்டேன். இனி அங்கயிருந்து எடுத்தா, மக அங்க இருக்கா பாரு." இடுப்புத் துண்டில் கையைத் துடைத்தார். "டீ குடிச்சிட்டுப் போ."

அங்கிருந்து நேராகக் குரங்கணிக்குப் போனேன். மதினி கடையை ஏறக்கட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் கிளாஸ்களைக் கழுவிக்கொண்டே கேட்டார். பிறகு குழாயை மூடினார்.

"அன்னைக்குச் சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? ஒன்னையத் திட்டியிருப்பேன். நாலு நாளு மூஞ்சி குடுத்துப் பேசியிருக்க மாட்டேன். அவ்வளவுதான பிள்ள. இப்ப எட்டு மாசம் ஊரு என்னையப் பேசிருச்சு." கிளாஸ்களைக் கவிழ்த்து அடுக்கியபடி, "மாமாகிட்டப் போயி மொதல்ல சொல்லிருக்க. எங்கிட்டச் சொல்லணும்னு தோணல?" என்றார்.

"பயமா இருந்துச்சு மதினி."

"எனக்கு மட்டும் அன்னைக்குப் பயமா இல்லையா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேலேயிருந்து இறங்குகிறவர்கள் எல்லோரும் கடைக்கு வருவார்கள், அங்கே வைத்துச் சொல் என்றார் மதினி. "ஒன் கணக்கு, கிராமு ஒண்ணும் வேணாம். நான் சொல்லித்தான் அவங்க செஞ்சாங்கன்னு மட்டும் சொல்லு."

சொன்னேன். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பழைய ஆறு பேரில் நான்கு பேர். அண்ணன் வெளியே ஜீப்பின் மேல் சாய்ந்து நின்றார். ஒருவர் கெக்கைக் காட்டி, "அப்ப இது எதுக்கு?" என்று கேட்டார். "இது நல்லதுதாண்ணே. ஆனா பாட்டில் மேல தப்பு இல்ல" என்றேன். "பாட்டிலு மானம் தப்பிச்சுச்சு" என்று ஒருவர் சொல்ல, சிரித்தார்கள். மதினி சிரிக்கவில்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

இதை எழுதும்போது புரட்டாசி. கெக் கடையில் இருக்கிறது, மலையேற வருகிறவர்களுக்கு. எஸ்டேட் பெண்களுக்குப் பாட்டில் திரும்ப வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் கண்ணாடிப் பாட்டில்களோடு ஒரு பிளாஸ்டிக் பாட்டிலும் நிரப்பி வைக்கிறார். அதை அமுக்கிப் பார்த்து, கல்போல் ஆனால் எல்லாவற்றையும் ஓடையில் இறக்குகிறார் மதினி. ஸ்டோருக்குள் காயைத் தவிர எதுவும் போவதில்லை. ராசிங்காபுரத்து மாமா வரவில்லை, வரவும் மாட்டார். ஆறு பேரில் இரண்டு பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். அடுப்பு வாரத்தில் இரண்டு நாள் எரிகிறது.